ஒன்பதாவது வரிசை

சஜா யார்டில் குல் ஜமான் சொன்ன விலை
நூற்றைம்பது திர்ஹம், தூக்குகூலி தனி.
"உள்ளே எலி இருந்தால் அது இலவசம்."
எலி இல்லை.
இடிக்கப்பட்ட ஏதோ மாலின் மூன்றாம் மாடியில் நின்ற
ஆளுயர விளையாட்டுப் பெட்டி.
அடிப்பலகை ஏசித் தண்ணீர் குடித்துக் குடித்து
டீயில் விழுந்த ரொட்டியாய் உப்பியிருந்தது.

ரோலாவில் எங்கள் லிஃப்ட்
அதைவிட நாலு விரல் குட்டை.
நாலு மாடி. வில்சன் கீழே, நான் மேலே,
ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை.
ஃப்ரிட்ஜா என்றார் வாட்ச்மேன் மொய்து.
ஆமாம் என்றோம்.
ஃப்ரிட்ஜுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

படக்குழாயை மட்டும் நம்பக்கூடாது,
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை
உள்ளே வைத்துக்கொண்டிருக்கும்.
ரப்பர் கையுறை, நீள ஸ்க்ரூடிரைவர், எர்த்துக்கு ஒரு கம்பி.
'டிக்' என்று வெடிக்கும் என்று பல்லைக் கடித்தேன்.
வெடிக்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
முகம் தெரியாதவர்களின் கடைவாய்க்கு
அச்சு பார்த்துக் கிரீடம் வைக்கிறவள்.
ஜாய்ஸ்டிக்கின் குண்டு தொலைந்திருந்தது;
லேபில் மிஞ்சின அக்ரிலிக்கில் வார்த்தேன்.
ஈறு நிறம்தான் கிடைத்தது.
பிடித்துப் பார்த்த வில்சன்
கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

காசுப் பெட்டிக்குள்
திர்ஹம் நாலு, வாஷர் ஒன்று,
பிலிப்பைன்ஸ் பெசோ பதினொன்று.
பக்கத்து ஃப்ளாட் ரொவேனா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"என் ஊர்க்காரர்கள். திர்ஹம் துளையில் சரியாகப் போவார்கள்."
நீயுமா என்றேன்.
"சலவை மெஷினில் மட்டும்."

போர்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.
அது தின்ற தடங்களுக்கெல்லாம்
தலைமுடிக் கனத்தில் செம்புக்கம்பி வைத்துப் பற்றவைத்தேன்.
பதினேழாம் நாள் திரை எழுந்தது.
முதலில் ஒரு கோடு, பிறகு வெறும் குப்பை,
பிறகு விண்கலம்.

அதோடு விட்டிருக்கலாம்.
ஆட்டம் முடிந்ததும் முதல் பத்துப் பேரில் சேர
மூன்று எழுத்து கேட்கிறது, ஏ முதல் இசட் வரை.
யாழரசியை அதில் அடைத்தால்
யாஸ் என்று யாரோ ஒருத்தி.
எழுத்துகள் இருக்கும் சில்லைக் கழற்றினேன்.

எட்டுக்கு எட்டுக் கட்டம். இருபத்தாறே இடம்.
வாசலில் இருநூற்று நாற்பத்தேழு பேர்.
கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கறுப்படித்தோம்.
ட சமர்த்து, இரண்டே கோடு.
ண மூன்று சுழிக்கும் இடம் போதாமல் நெளிந்தது.
"இந்தப் பெயரில் யார் வரப்போகிறார்கள்?" என்று
ங-வை அடித்தான் வில்சன்.
புள்ளி தலைக்கு மேல் ஒரு வரிசை கேட்டது,
கொடுக்க இல்லை.
கொம்புக்கு ஓர் இடம், ர-வுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று:
மூன்றும் தீர்ந்து ரொவேனா 'ரொ' ஆனாள்.
"இதில் நான் எவ்வளவு இருக்கிறேன்?"
முன்பக்கத் துண்டு என்றேன்.
வில்சன் 'வில' ஆனான்,
விலகச் சொல்வதா, விலை கேட்பதா தெரியாத பெயர்.

ழ அடங்கவே இல்லை.
வாலை வெட்டினால் அது ழ இல்லை,
உடம்பைச் சுருக்கினால் கொசு.
மூன்று ராத்திரி மல்லாடி
ஒன்பதாவது வரிசையில், அடுத்தவர் கூரைக்குமேல்,
ஒரே ஒரு புள்ளியைத் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டேன்.

இலவச ஆட்டத்துக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு.
போடவில்லை. காசு விழுகிற சத்தம் வேண்டும்.
பெசோ பதினொன்றும் பால்பவுடர் டப்பாவில்
பெட்டியின் தலைமேல் இருக்கின்றன.

வெள்ளி ராத்திரி ரொவேனா வந்து
ஈறு நிறக் குண்டைப் பிடித்தாள்,
துடைத்துக்கொள்ளவில்லை,
எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டாள்.
ரொ.
அடுத்து யாழ.
அதற்கும் கீழே வில,
அந்த ல-வுக்கு நேர் மேலே
என் வால் நுனி.

வில்.

"நீ என்னை முந்தினால் புள்ளி போய்விடும்" என்றேன்.
டப்பாவுக்குள் கைவிட்டுக் காசு துழாவிக்கொண்டிருந்தான்,
காதில் விழவில்லை.